இருபது வெள்ளைக்காரருக்கு மோட்ச அருச்சனை

ஸ்காபரோ பஸ்ஸில் எனக்கு முன்சீற்றில் ஒரே ஊர்க்காரிகள் இருவர் இருந்தார்கள். திருநீறு பூசியிருந்தவள் சொன்னாள்:

“போன கிழமை இருபது வெள்ளைக்காரருக்கு மோட்ச அருச்சனை செய்விச்சனான்.”

சிவப்புத் தொப்பி போட்டிருந்தவள் திரும்பினாள். “ஆரடி அவையள்?”

“இங்கிலாந்தில தம்பி கடை வைச்சிருக்கிற கிராமத்துப் பெடியள். அந்தக் காலத்து உலகச் சண்டைக்குப் போனவை. சேர்ச்சுக்குள்ள பலகையில பேர் கிடக்குது. கோடைக்குப் போனபோது படம் எடுத்தனான்.”

“ஐயர் நட்சத்திரம் கேக்கேல்லையோ?”

“கேட்டவர். தெரியாது, எல்லாரும் ஒரே ஊர் எண்டன். பிறகு தம்பிக்குச் சொன்னா அவன் சிரிக்கிறான். பேருக்குப் பக்கத்தில சிலுவை போட்டிருக்கிற நாலு பேர்தான் சண்டையில செத்தவையாம். மற்றவை திரும்பி வந்து பேரப்பிள்ளையளும் கண்டவையாம்.”

“உயிரோட வந்தவைக்கும் செய்துபோட்டாய்!”

“அதுக்கென்ன, இப்ப எல்லாரும் போயிருப்பினம்தானே. தம்பி போய்ச் சொல்ல, அந்தச் சேர்ச் பாதிரியாருக்குச் சரியான சந்தோசமாம். எங்கட ஊரில சண்டைக்குப் போன பெடியளின்ர பேரையும் அனுப்பட்டாம், ஞாயிற்றுக்கிழமை பூசையில வாசிக்க.”

அவள் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். பாதிக்குமேல் எழுதியிருந்தது.

“செத்த பெடியளைத்தானே எழுதினனி?”

“முதல் அப்பிடித்தான். இனி அந்தப் பலகையில மாதிரி, திரும்பி வந்தவையையும் எழுதப்போறன்.”

தொப்பிக்காரி தாளைத் தன் மடிக்கு இழுத்துப் பேனையைக் கேட்டாள்.

“அப்ப சண்டையால திரும்பி வந்த என்ர மனிசனையும் போடுறன். வீட்டில நிண்டு எனக்குப் புட்டு அவிக்கிறார்.”