பஞ்சுவின் தவக்காலம்

விண்ணரசி: ...அதான் கேக்கறேன். மருமக காலையிலயே கூண்டைத் தூக்கிக் கார்ல வச்சுக்கிட்டுப் போறா. மாமனார் நீங்க பேப்பரைத் திருப்பிக்கிட்டு உக்காந்திருக்கீங்க. பஞ்சுவுக்கு என்னண்ணே?

சிங்கராயர்: ஒண்ணும் இல்லம்மா. சும்மா செக்கப்பு.

விண்ணரசி: செக்கப்புக்கா ஒரத்தநாடு மாட்டாஸ்பத்திரி வரைக்கும்? சான்ட்ரா கண்ணு செவந்திருந்துச்சே.

சிங்கராயர்: அதையும் பாத்துட்டியா?

விண்ணரசி: எங்க வீட்டு வாசத் தெளிச்சுக்கிட்டிருந்தேன். கண்ணு அதுபாட்டுக்குப் போச்சு.

சிங்கராயர்: ...முந்தாநாள்லேருந்து சாப்பிட மாட்டேங்குது. வாயிலேருந்து எச்சி ஒழுகிக்கிட்டே இருக்கு.

விண்ணரசி: அடப் பாவமே. எலி மூஞ்சியும் அணில் வாலுமா, எடுத்துக் கொஞ்சணும்போல இருக்குமே. அதுக்கு ஏசி ரூம் வேற. உங்க மகன் ஆன்டோ லீவுல வந்தாக்கூட ஃபேன்தான்.

சிங்கராயர்: பல்லாம்.

விண்ணரசி: பல்லா?

சிங்கராயர்: இந்தச் சின்சில்லா ஜாதிக்கு ஆயுசு முழுக்கப் பல்லு வளந்துக்கிட்டே இருக்குமாம். காஞ்ச புல்லை நாள் பூரா மென்னு மென்னு அதுவா தேச்சுக்கணும். தேயலேன்னா நீண்டு கன்னத்தையும் நாக்கையும் குத்துமாம்.

விண்ணரசி: அதான் புல்லு போடறீங்களே. கூரியர்ல வருதே. தெருவே சிரிச்சுச்சு. சம்பா அறுத்து, மிஷின் சுருட்டிப் போட்ட வைக்கோல் உருண்டை வயல் பூரா கெடக்கு, சிங்கராயர் வீட்டுக்கு மட்டும் புல்லு பார்சல்ல வருதுன்னு.

சிங்கராயர்: தெரு சிரிச்சுச்சா, நீ சிரிக்க வச்சியா?

விண்ணரசி: அதை விடுங்க. புல்லு தின்ன பிராணிக்குப் பல்லு எப்படி நீண்டுச்சு?

சிங்கராயர்: டாக்டரும் அதைத்தான் கேக்கறாராம். இப்பத்தான் சான்ட்ரா போன் பண்ணினா. கண்டதையும் தின்னு, புல்லைத் தொடாம நீண்டிருந்தா மயக்கம் குடுத்து ராவி விட்டுடலாம், பொழைச்சுக்கும். வெறும் புல்லு தின்னும் இப்படின்னா வேர்லயே கோளாறாம். அது தேறாது... வலியில வச்சிருக்கிறதைவிட ஊசி போட்டு அனுப்பிடலாங்கறாராம்.

விண்ணரசி: அனுப்பறதுன்னா... எங்க?

சிங்கராயர்: மேலதான்.

விண்ணரசி: சான்ட்ரா என்ன சொன்னாளாம்?

சிங்கராயர்: புல்லைத் தவிர எதுவும் குடுக்கலேன்னு அடிச்சுச் சொல்லிட்டாளாம். எங்க மாமாவும் குடுக்க மாட்டாருன்னு...

விண்ணரசி: அண்ணே.

சிங்கராயர்: என்ன அப்படிப் பாக்கறே?

விண்ணரசி: சாம்பல் புதன் அன்னிக்குக் கோயில்ல எல்லார் முன்னாடியும் எந்திரிச்சு, ஈஸ்டர் வரைக்கும் முந்திரி, பிஸ்கட்டு எதையும் தொட மாட்டேன்னீங்க. சாமியார்கூடப் பிரசங்கத்துல உங்களைத்தான் சொன்னாரு.

சிங்கராயர்: வாயில வைக்கலையே.

விண்ணரசி: வைக்கலதான். வாங்கறது மட்டும் நிக்கலையே. போன வாரம்கூட உங்க பையில முந்திரிப் பொட்டலம் எட்டிப் பாத்துச்சு.

சிங்கராயர்: ...தவக்காலத்துல வேண்டாம்னு ஒறுத்து வச்சதை இல்லாதவங்களுக்குக் குடுக்கணும்னு சாமியார்தானே சொல்றாரு. இந்த வீட்டுல இல்லாதப்பட்ட ஜீவன்னா அது ஒண்ணுதான்.

விண்ணரசி: ஏசி ரூம்ல இருக்கற ஏழை.

சிங்கராயர்: நம்ம வீட்டுக்கு வந்ததுக்கு வெறும் காஞ்ச புல்லையா போடறது? ரெண்டு கையாலயும் வாங்கி, செபம் பண்ற மாதிரி வச்சுக்கிட்டுத் தின்னும். மனசு கேக்கலம்மா.

விண்ணரசி: அப்ப அதை டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

சிங்கராயர்: மருமக முகத்துல எப்படி முழிக்கறது? குருத்து ஞாயிறு பவனியில வேற என்னை முன்னால நடக்கச் சொல்லியிருக்காங்க...

விண்ணரசி: அங்க ஊசியை எடுத்துக்கிட்டிருப்பாரு. போனைப் போடுங்க.

சிங்கராயர்: ...சான்ட்ரா, ஊசி போட்டாச்சா? இல்லையா... நல்லது. டாக்டர்கிட்ட முந்திரின்னு சொல்லும்மா. ஆமா, நான்தான். தினம் சாயங்காலம். பிஸ்கட்டும்தான்... வீட்டுக்கு வந்து திட்டும்மா. மொதல்ல அவர்கிட்ட சொல்லு.

விண்ணரசி: ஸ்பீக்கர்ல போடுங்க.

சான்ட்ரா: ...மாமா, சொல்லிட்டேன். அப்ப பல்லை ராவிடலாங்கறாரு. ஆனா கடவாப் பல்லு இடுக்குல கருப்பா ஏதோ பிசுபிசுன்னு ஒட்டியிருக்காம். வெல்லமும் எண்ணெயுமா இருக்குங்கறாரு. முந்திரி அப்படி இருக்காதே. வேற என்ன குடுத்தீங்க? மறைக்காதீங்க மாமா. என்னன்னு தெரியாம மயக்கம் குடுக்க பயப்படறாரு.

சிங்கராயர்: சத்தியமா வேற ஒண்ணும் இல்லம்மா. வெல்லத்தை நான் கண்ணால...

விண்ணரசி: அதிரசம்னு சொல்லச் சொல்லுங்கண்ணே. நீங்க மத்தியானம் கண்ணசர்ற நேரத்துல, அந்த ஜன்னலைக் கொஞ்சம் தள்ளி... எனக்கும் தவக்காலம்தானே.