அம்மா சொன்னது

“கடவுள் உனக்கு வாய் எதுக்குடி குடுத்தாரு, திங்கறதுக்கு மட்டுமா?” என்று அக்கா ஒருமுறை விருந்தாளிகள் முன்னால் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வகுப்பில் எழுந்து படிக்கச் சொன்னால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன்.

பக்கவாதம் வந்து அம்மாவுக்குப் பேச்சு போனபோது, வெளியூரில் வேலை பார்க்கும் அக்கா போனில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தாள். அம்மா முன்பு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களைக் கேட்டு அது அவள் குரலைக் கற்றுக்கொண்டது. வார்த்தைகளைத் தட்டினால் அம்மாவாகவே பேசும். அம்மாவின் விரல் நடுங்கும் என்பதால் அவள் சைகை காட்டுவாள், நான் தட்டுவேன்.

அக்கா வேலை முடிந்து பஸ்ஸில் போகும்போது கூப்பிடுவாள். என்ன பதில் சொல்லலாம் என்று செயலியே இரண்டு மூன்று வரிகள் எடுத்துக் கொடுக்கும். அம்மா சைகையை முடிப்பதற்குள் அதில் ஒன்றை அழுத்திவிடப் பழகினேன்.

“முன்னவிட இப்பதாம்மா நீ நல்லா பேசுற,” என்றாள் அக்கா. எனக்கு வெட்கமாக இருந்தது. என் பேச்சை அதுவரை யாரும் பாராட்டியதில்லை.

பிறகொரு நாள், “உன்ன இங்கயே கூட்டிட்டு வந்துடறேம்மா, பக்கத்துலயே பெரிய ஆஸ்பத்திரி இருக்கு,” என்றாள். அம்மா சரியென்று வேகமாகத் தலையாட்டினாள். என்னைப் பற்றி அக்கா எதுவும் சொல்லவில்லை.

“எனக்கு இந்த வீடுதான் சரிப்படும் கண்ணு,” என்று தட்டினேன்.

அம்மாவுக்கு நெஞ்சு வலி வந்த நாட்களிலும் அக்கா கூப்பிட்டாள். அம்மா நெஞ்சைக் காட்டினாள், போனைக் காட்டினாள். சொன்னால் அக்கா வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள்.

“நல்லா இருக்கேன். நீ நேரத்துக்குச் சாப்பிடு,” என்றது போன்.

தன் குரலைக் கேட்ட அம்மா என்னையே பார்த்தாள். கையை மெல்லக் கீழே வைத்தாள். ஒத்துக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன். அதன் பிறகு அவள் சைகை காட்டவே இல்லை.

அடக்கம் முடிந்து வந்த அக்கா காலிக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

“நாலஞ்சு நாளா வலிச்சிருக்கும்னு டாக்டர் சொல்றாரு. எங்கிட்ட தினமும் நல்லா இருக்கேன்னு சொன்னது யாருடி?”

போனை எடுத்துத் தட்டினேன்.

“சின்னவள திட்டாத கண்ணு. என்ன நல்லாத்தான் பாத்துக்கிட்டா.”

அக்கா எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு என்னைத் திட்டாமலே போனாள். அம்மா சொன்னால் அவள் எப்போதும் கேட்டுக்கொள்வாள்.