ட்வைட்டோட இடதுகைத் துப்பாக்கி

இல்ல மாமா, இப்ப சொல்ல மாட்டேன். சொன்னா சிரிக்கிற சிரிப்புல துப்பாக்கியக் கீழ போட்ருவீங்க. மொதல்ல அந்த ஓரத்து டப்பா விழட்டும். ஒரு டப்பா விழுந்தா கதையில ஒரு துண்டு, அதான் நம்ம ஒப்பந்தம். சிரிப்பு கடைசியில பத்திரமா இருக்கு, எங்கயும் ஓடிராது.

வண்டிப் பின்பலகையில நல்லா உக்காருங்க. காதுமூடிய ஒரு பக்கம் மட்டும் தூக்கிவிட்டுக்கங்க, நான் இவ்ளோ குரல் மாத்திப் பேசப்போறேன், எல்லாம் வீணாப் போயிரும். சுடும்போது இறக்கிக்கலாம். ஆங், இடது தோள்ல. கூச்சமா இருக்கா? இருக்கும். இத்தன வருஷமா வலது தோள்தான். ஆனா புல்லுக்கட்டு மெஷின்ல கம்பி தெறிச்சு வலது கண்ணு போனப்புறம் வலது தோளுக்கு என்ன வேல சொல்லுங்க? மொறைக்காதீங்க. இருக்கற ஒரு கண்ண வெச்சே இப்டி மொறைக்கிறீங்களே.

நம்ம வீட்ல யாருக்கு இடதுகைப் பழக்கம்? அம்மா வலது, நான் வலது, லோரீன் சித்தி வலது. சித்தி கட்டிக்கப்போற அந்த ட்வைட் மட்டும் இடது. அவனுக்கு வாங்கின துப்பாக்கி நேரா சுடுதான்னு பாக்கணும்னா, இடது தோள்ல வெச்சு சுட ஒரு ஆள் வேணும். உங்கள விட்டா இந்த மலையில யாரு இருக்கா?

தெரியும் மாமா. இனிமே தொட மாட்டேன்னுட்டீங்க. உங்க துப்பாக்கியக் கூட மெர்ல் கடையிலயே குடுத்துட்டு வந்துட்டீங்க. ஞாயித்துக்கிழம சர்ச் முடிஞ்சு நாங்கெல்லாம் இந்தக் கல்குழிக்கு வந்து சுட்டுட்டு இருப்போம், நீங்க வீட்ல டிவிக்கு முன்னாடி. அம்மா பீன்ஸும் சோள ரொட்டியும் மூடி வெச்சு எடுத்துட்டு வருவா, அதையும் பாதி அப்டியே வெப்பீங்க. நான் அதப்பத்திப் பேசவே வரல. இது உங்களுக்கு இல்லவே இல்ல. நீங்க வெறும் சோதனைக்கு. சுடுங்க.

ம்ம். டப்பாவுக்கு ஒரே பெருமை, அசையாம நிக்குது. இன்னொண்ணு போடுங்க. கன்னத்த கட்டையில நல்லா அழுத்தி... ஆங்.

விழுந்துச்சு. பாத்தீங்களா, உருண்டு ஓடுது. சரி, கதை.

போன சனிக்கிழம அம்மா, சித்தி, நான் மூணு பேரும் மெர்ல் கடைக்குப் போனோம். மெர்ல் பேச்சு தெரியும்ல உங்களுக்கு, வாய்ல மிட்டாய் ஒட்டிக்கிட்ட மாதிரி. வாங்கம்மா... வாங்க... என்ன... வேணும்னு... சொன்னீங்க... அவரு அத முடிக்கறதுக்குள்ள அம்மா ரெண்டு ஜோடி சாக்ஸ் எடுத்துட்டா. சின்னத் தோட்டா, விசைய அழுத்த அழுத்த தானே அடுத்தத ஏத்திக்கற மாதிரி, டப்பா சுட ஒண்ணு வேணும்னோம். மனுஷன் மொதல்ல எடுத்து வெச்சது கறுப்பு பிளாஸ்டிக்ல, பட்டாளத்துல குடுக்கற மாதிரி, அங்கங்க பல்லு பல்லா. அம்மா கண்ணாடிய மூக்கு நுனிக்கு இறக்கிட்டு, இந்தாங்க மெர்ல், நாங்க பீன்ஸ் டப்பாவச் சுடப்போறோமா இல்ல பக்கத்து மாநிலத்தப் புடிக்கப்போறோமா? சித்தி உடனே, மரக்கட்டை வெச்சதா காட்டுங்க, நல்ல பழுப்பு, எங்க சோபாவுக்கு மேட்ச் ஆகணும். துப்பாக்கிய எதுக்கு சித்தி சோபாவோட மேட்ச் பண்றேன்னு கேட்டா, உனக்கு ரசனை இல்லடீங்கறா.

அடுத்தது. அவசரம் இல்ல, மூச்ச விட்டுட்டு மெதுவா.

ஐயோ, நடுவுல துளை. எங்க கத்துக்கிட்டீங்க இத, டிவியிலயா?

சரி சரி. அப்புறம் மெர்ல் ரெண்டு விதம் காட்டினாரு. ஒண்ணு குழலுக்குக் கீழ நீளக் குழாய், ஒவ்வொரு தோட்டாவா உள்ள தள்ளணும். அம்மா பாத்தா, இத ரொப்பி முடிக்கறதுக்குள்ள மத்தியான சாப்பாடு ஆறிரும், வேணாம்னுட்டா. இன்னொண்ணு இந்த மாதிரி, தோட்டாப்பெட்டிய ரொப்பி வெச்சிட்டு டக்குனு மாட்டிக்கலாம். நம்மளுக்கு இது போதும். எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனச்சப்ப நான் வாயத் தொறந்தேன், ஆளு இடதுகைன்னு. மெர்ல் அப்டியே நின்னுட்டாரு. இடது... கையா... ஏன்னா எல்லாத் துப்பாக்கியிலயும் காலித்தோட்டா வலது பக்கமாத் தெறிக்கும், இல்லியா? இடது தோள்ல வெச்சா மூஞ்சிக்குக் குறுக்க சூடாப் பறக்கும். ஒரே ஒரு கண்ணு... அதாவது எந்தக் கண்ணா இருந்தாலும், யாராவது அதுக்கு முன்னாடி சூட்டுப் பித்தளைய விடுவாங்களா?

இருங்க, இந்தத் துண்டுக்கு ரெண்டு டப்பா விழணும். நல்ல துண்டு.

ஒண்ணு. ரெண்டு. அடப்பாவி மாமா.

அப்பத்தான் மெர்ல் பொண்டாட்டி உள்ளேருந்து கத்தினா. அந்தம்மா குரல் தெரியுமே, கோழியப் புடிக்கப் போனா கோழி கத்துற மாதிரி. ஏங்க, அந்த சாபம் புடிச்சதக் குடுத்துத் தொலைங்களேன். சுவத்துல மேல் வரிசையில ஒரு துப்பாக்கி, வாங்கினவங்கெல்லாம் திருப்பிக் குடுத்துட்டாங்களாம். கடைசியா வாங்கினது சர்ச்சுல நம்ம பர்ல் பெரியவரு. மொத வெடியில காலித்தோட்டா நேரா அவரு சட்டைக் காலருக்குள்ள. டான்ஸ் ஆடுறது பாவம்னு வாரா வாரம் சொல்ற மனுஷன், புல்வெளியில மூணு சுத்து சுத்தி, சட்டையக் கழட்டி, பக்கத்து வீட்டு வேலி தாண்டிட்டாராம். மெர்ல் ஏணி போட்டு இறக்கித் திருப்பிப் பாக்கறாரு. காலி வெளிய வர்ற ஓட்டை இடது பக்கம். கம்பெனிக்காரன் இடதுகைக்காரனுக்குச் செஞ்சத மாத்தி அனுப்பிருக்கான். இவரு சுவத்துல எல்லாத் துப்பாக்கியும் ஒரே பக்கம் பாத்துத்தான் மாட்டுவாரு, இதோட ஓட்டை இத்தன நாளும் சுவத்தப் பாத்துட்டு இருந்திருக்கு. நீங்க கையில வெச்சிருக்கறது அந்த சாபம்தான். தோள்ல எப்டி உக்காந்திருக்கு பாருங்க, தச்ச சட்டை மாதிரி.

ஏன்னா கட்டையோட நீளம் அளந்துதான அறுத்தோம். முழங்கை மடிப்புலேருந்து விரல் வரைக்கும், புல்லுக்கட்டுற கயிறு வெச்சு, நீங்க சேர்ல தூங்கிட்டு...

அது ஸ்வெட்டருக்கு மாமா. அன்னிக்கே சொன்னேனே. நீங்க கூட ஊதா கலர் வேணும்னீங்க. ட்வைட் கைய சித்தி அளந்தா, அது வேற கயிறு. சுடுங்க, பேச்ச மாத்தாதீங்க.

இதையும் தள்ளிட்டீங்க. இன்னும் ஒண்ணே ஒண்ணு நிக்குது.

ட்வைட் எப்டிப்பட்டவனா? நல்லவன்தான். கூரை வேல. ஏன், அவன் வந்தா வாசல் கதவத் தொறக்க மாட்டேன்னு சொன்னீங்களே, இப்ப என்ன அக்கற? குரலா? ஊர்ல எல்லார் குரலும் பண்றேன், இது என்ன பிரமாதம். கேளுங்க. வணக்கம் ஹார்லன் அண்ணா, உங்களப்பத்தி நெறைய கேள்விப்பட்டிருக்கேன், நாளைக்கு மேற்கேருந்து லேசா மேகம் வரும், குடை...

இல்ல, கூரைக்காரன்ல, மேகம் பத்தித்தான் பேசுவான்.

என்ன அப்டிப் பாக்கறீங்க? சாயங்காலச் செய்தியில வானிலை சொல்றவன் மாதிரி இருக்கா? இருக்கும் மாமா, சில பேரு குரல் ஒத்துப்போகும். எதுக்கு லாக் போட்டுக் கீழ வெக்கிறீங்க? கடைசி டப்பா நிக்குதே.

சரி, அவன் குரல்தான். நான் என்ன பண்ணுவேன், மெர்ல் குரல் கேட்டிருக்கேன், பர்ல் குரல் கேட்டிருக்கேன். ட்வைட் குரல எங்க போய்க் கேக்கறது? அப்டி ஒருத்தன் இல்லவே இல்ல. சித்தி கல்யாணம் பண்ணிக்கப் போறேன்னு சொன்னதும் நீங்க நம்பினீங்க பாருங்க, அதுக்கே அம்மா சமையல்கட்டுல போய் வாயப் பொத்திக்கிட்டு சிரிச்சா. அதான் மாமா நான் சொன்ன சிரிப்பு.

சிரிக்கலியா.

அம்மாதான் சொன்னா. துப்பாக்கி ஹார்லனுக்குன்னு சொன்னா வண்டியிலயே ஏற மாட்டான், வேற எவனுக்காவது ஒத்தாசைன்னா ஏறுவான், திட்டிக்கிட்டே ஏறுவான்னு. திட்டிக்கிட்டுத்தான் ஏறினீங்க. திட்டறதுன்னா இப்பயும் திட்டுங்க, என்னத் திட்டுங்க, அம்மாவ விட்ருங்க. என்ன கைய நீட்டறீங்க? சாவியா? வீட்டுக்குப் போகணுமா மாமா? சரி. இருங்க, எந்தப் பையில...

சாவி இல்லியா?

ஓ. அடுத்த தோட்டாப்பெட்டி. இந்தாங்க, ரொப்பித்தான் வெச்சிருக்கேன்.