கிராணி வரைந்த பரமபதம்

"என்னைப் பாம்பு வாயிலேர்ந்து எடுங்க, கிராணியாரே!"

ஜப்பான்காரன் காலம். பிரிக்பீல்ட்ஸில் அரிசிக்கு நின்ற வரிசை அசையாமல் கிடந்தது. எனக்கு முன்னால் நின்ற துணிக்கடை பாய்தான் அப்படிச் சொன்னார். அவர் கையில் ஓர் அட்டை. அவருக்கும் முன்னால் நின்ற ரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி, ஊர்ச் சனங்களைக் கேலி செய்து வரைந்த பரமபதம் அது. பெரிய பாம்பின் வாயருகே, துணியைக் குறைத்து அளக்கும் குட்டைக் கஜக்கோலோடு ஒரு பாய் நின்றார்.

"பகிடிக்குக் கீறினது, பாய். கோவிக்காதேங்கோ."

"உங்களுக்குப் பகிடி. கடைக்கு வர்றவன்லாம் என் கஜக்கோலைத் தடவிப் பாத்துட்டுச் சிரிக்கிறான். யாவாரம் போச்சு லா!"

எனக்குப் பின்னால் நின்ற ரப்பர் தோட்டத்து அக்கா எட்டிப் பார்த்தார். "கள்ளுக்கடைப் பாம்புகிட்ட எங்காளுங்க, சூதாட்டப் பாம்புகிட்ட சீனவங்க. ஏணியில ஏறுறது பூரா யாழ்ப்பாணத்துக் கிராணிங்க! நல்லாருக்கே ஞாயம்!"

"எங்கட ஆக்களில என்ன பிழை கிடக்கு?"

"அப்ப வெள்ளைக்காரத் துரையைக் கண்டா இடுப்பு ஒடியக் குனிவீங்களே, அதை வரைஞ்சு ஒரு பாம்பைப் போடுங்க," என்றார் பாய்.

கிராணி முறைத்துக்கொண்டே பென்சிலை எடுத்தார். அந்த நேரம் பார்த்து ஜப்பான் சிப்பாய் ஒருவன் அந்தப் பக்கம் வந்தான். குனியாவிட்டால் அறை விழும்; வரிசை மொத்தமும் குனிந்தது. எல்லாரையும்விடத் தாழக் குனிந்தவர் பாய்தான்.

குனிந்தபடியே கிராணி கிசுகிசுத்தார். "இப்ப அந்தப் பாம்பு வாயில ஆரைக் கீற, பாய்?"

"கட்டத்தைப் பெருசாப் போடுங்க லா."