மின்னல் நுளம்புத்திரியும் ஒரு மரண அறிவித்தலும்

தேத்தண்ணிக்குச் சீனி காணாது, இன்ஸ்பெக்டர் ஐயா. பரவாயில்லை, குடிக்கலாம். நீங்கள் கார் ஓடும்போது றேடியோ கேட்கிற ஆளா? ஒரு கிழமை கேட்டுப் பாருங்கள். அதன் பிறகு என்னை இப்படிப் பார்க்கமாட்டீர்கள்.

ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை? என் பழைய நிசான் காரை எடுத்துக்கொண்டு சாம்பல்தீவு வீட்டிலிருந்து ரவுண் கடைத்தெருவுக்குப் போவேன், வருவேன். ஒரு பழைய பாட்டுக் கேட்கலாமென்று றேடியோவைப் போட்டால், பல்லவி முடிவதற்குள் பதினேழாயிரம் விளம்பரம். டயர் விளம்பரம் ஒன்றில் திடீரென்று லொறி ஹோர்ன் அடிக்கும். நான் பிரேக்கை மிதிப்பேன். பின்னால் வருகிற நிலாவெளி பஸ் மிதிக்கும். அதற்குப் பின்னால் முல்லைத்தீவு வரைக்கும் அத்தனை வாகனமும் மிதிக்கும்.

எல்லாவற்றிலும் மோசமானது மின்னல் நுளம்புத்திரி. “கொசுத் தொல்லையா? ஐயய்யோ அம்மா! மின்னல் இருக்கே அம்மா!” என்று கத்துகிற குரல் என் பக்கத்து வீட்டு வினோதனுடையது. சாம்பல்தீவில் மூக்கு வடிய ஓடித் திரிந்தவன், மைக்கைக் கண்டால் சென்னையில் பிறந்தவனாகிவிடுவான். நுளம்பு என்ற சொல்லே வாயில் வராது. கொசுவாம். அந்தக் குரலுக்கு எந்த நுளம்பும் சாகாது. கார் ஓடுகிறவன்தான் சாவான்.

அவனுடைய தாய் பாக்கியரத்தினம் அக்கா. அவன் பாதி நாள் கொழும்பில் நிற்பதால், அவரை மாதா மாதம் இருதயக் கிளினிக்குக்குக் கூட்டிப் போவது நான்தான். விளம்பரம் தொடங்கியதும் என் கை றேடியோவுக்குப் போகும். அவர் தட்டிவிடுவார்.

“குறைக்காதேங்கோ தம்பி. என்ர பிள்ளை கதைக்கிறான்.”

“நேற்றும் இதைத்தானே அக்கா கதைச்சவன்.”

“இண்டைக்கு இன்னும் வடிவாக் கதைக்கிறான். நீங்களுந்தானே துறைமுகத்தில கதைச்சனீங்கள். ஆர் கேட்டது? கப்பல்காரன்தானே.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

துறைமுகக் கோபுரத்திலிருந்து கப்பல்களோடு வயர்லஸ்ஸில் பேசுவது என் உத்தியோகம். நான் ‘மெல்ல வா’ என்றால் மலை மாதிரிக் கப்பலும் பூனைக்குட்டியாக உள்ளே வரும். இளவயதில் வானொலி அறிவிப்பாளர் தேர்வுக்கும் போனேன். குரலில் ஈரமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் கேட்கவுமில்லை. நானாகச் சொல்கிறேன்.

றேடியோவில் நான் மதிக்கிறது மரண அறிவித்தல் ஒன்றைத்தான். ஹோர்ன் இல்லை, ஐயய்யோ இல்லை. மெல்லிய வயலின், பிறகு நிதானமான குரல். பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், யாருக்கு மகன், யாருக்கு மைத்துனன். எங்கள் சனம் அடுப்பைக் குறைத்துவிட்டு நின்று கேட்கும். அக்கா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு கைகூப்புவார். முன்பின் தெரியாத ஆளுக்கும் ஒரு ‘முருகா’ சொல்லுவார்.

ஆகவே நானும் ஒன்று எழுதினேன். குசினிக் கதவைச் சாத்திவிட்டு, கைத்தொலைபேசியில் வாசித்துப் பதிந்தேன். எத்தனையோ தடவை வாசித்த பிறகுதான் ‘அன்னார்’ சரியாக விழுந்தது. வயலினும் சேர்த்து, பென் டிரைவில் ஏற்றினேன்.

அடுத்த கிளினிக் நாளில் டொக்டர் அக்காவின் நெஞ்சைச் சோதித்துவிட்டு என்னைப் பார்த்தார். “ஐயா, இவவுக்குத் திடீரெண்டு ஒரு அதிர்ச்சியும் வரக்கூடாது. வீட்டில சொல்லி வையுங்கோ.” அக்காவின் மருந்துப் பையைப் பிடித்துக்கொண்டு “ஓம் டொக்டர்” என்றேன். பென் டிரைவ் என் சட்டைப் பையில் இருந்தது.

திரும்பும் வழியில் உட்துறைமுக வீதியில், கடலைப் பார்த்தபடி காரை நிறுத்தினேன். அவருக்குப் பிடித்த இடம். வினோதன் கொழும்பில் ஒலிப்பதிவில் நிற்கிறான், போனை மூடி வைத்திருப்பான் என்று காலையில் அவர்தான் சொன்னார்.

அவர் கடலைப் பார்த்திருக்க, பென் டிரைவை றேடியோவில் செருகினேன். வயலின் கேட்டதும் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தினார். கைகூப்பினார்.

“சாம்பல்தீவைப் பிறப்பிடமாகக் கொண்ட யோகலிங்கம் வினோதன் அவர்கள் இன்று காலை கொழும்பில் அகால மரணமடைந்தார். அன்னார், காலஞ்சென்ற யோகலிங்கம், பாக்கியரத்தினம் தம்பதிகளின் அன்பு மகனாவார்…”

கூப்பிய கை அப்படியே நின்றது. “தம்பி, எங்கட வினோதனையோ சொல்லுறாங்கள்?”

அறிவித்தல் போகும்போது குறுக்கே பேசுவது மரியாதையில்லை. “தண்ணி” என்றார். போத்தல் பின் சீற்றில் கிடந்தது. ஆஸ்பத்திரியும் கூப்பிடு தூரத்தில்தான். ‘இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்’ என்ற கடைசி வரி முடியும்வரை இருந்தேன். பிறகு காரைத் திருப்பினேன். அதற்குள் அவர் தலை கண்ணாடியில் சாய்ந்துவிட்டது.

இழவு வீட்டுக்காரன் ஒரு மாதமாவது நுளம்புக்குக் கத்தமாட்டான் அல்லவா? அதுதான் என் கணக்கு. செத்த வீட்டில் பந்தலுக்கு நின்றேன், கதிரை சுமந்தேன். நான் அழுத அழுகைக்கு நிலாவெளி உப்பளத்தில் இரட்டை விளைச்சல் கண்டிருக்கும்.

சாம்பல் கரைக்கப் போவதற்கும் என் காரைத்தான் கொடுத்தேன். நான் பக்கத்தில் இருந்தேன். வினோதன் சாவியைத் திருப்பினான். வயலின் தொடங்கியது.

ஏன் அழிக்கவில்லை என்கிறீர்கள். எப்படி ஐயா அழிப்பது? அன்றிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டுதானே நான் கார் ஓடினேன்.

அவன் முழுவதையும் கேட்டான். பிறகு, எங்கள் ஊர்த் தமிழில், மெதுவாகக் கேட்டான்: “அங்கிள், அம்மா இதைக் கேட்டவவோ?”

“ஓம்” என்றேன்.

எழுதிக்கொள்ளுங்கள். பாக்கியரத்தினம் அக்காவைக் கொன்றது இரத்தினசிங்கமாகிய நான்தான். தெரிந்துதான் செய்தேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். பக்கத்தில் இருந்த என் குரலென்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. றேடியோ என்றே நம்பினார். ஈரமில்லாத குரலென்றால் நம்பியிருப்பாரா, ஐயா?