பின்வரிசைப் பத்திரமும் தகரக் கொட்டகையும்

பெயரும் முகவரியும் மேலே எழுதியுள்ளபடி. வயது நாற்பத்து நான்கு. பட்டப்படிப்பு முடித்தவள். எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர்.

சம்பவத்தன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக மொட்டை மாடிக்குப் போய், பின்வரிசையில் தையல்கார அம்மாவின் தகரக் கொட்டகை இன்னும் நிற்கிறதா என்று பார்த்தேன். நின்றது. அதைத் தம் மனையில் போட்டு, மூன்று மெஷின் வைத்து அவர் தைத்து வந்தார். என் கிரயப் பத்திரத்தில், மனையில் தொழில் நடத்தவோ வீட்டைத் தவிர வேறெதுவும் கட்டவோ கூடாது என்று நிபந்தனை உண்டு. எல்லா மனைக்கும் அதுவே என்று எண்ணி, அந்தப் பக்கத்தை நகலெடுத்துச் சங்க நோட்டீஸுடன் அவருக்கு அனுப்பியது நான்தான்.

நோட்டீஸ் கிடைத்த பிறகு, சம்பவத்துக்கு மூன்று நாள் முன்பு, அவர் தம் பத்திரத்தை ஒரு துணிப்பையில் என்னிடம் கொண்டுவந்தார். "எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். நீங்க பாத்துச் சொன்னா சரிதான் அக்கா" என்றார். மறுநாள் பையைத் திருப்பிக் கொடுத்து, "பாத்துட்டேன், உங்களுக்கும் அதேதான்" என்றேன். பையை நான் திறக்கவே இல்லை.

சம்பவத்தன்று பத்து மணியளவில், சங்கத் தலைவரான என் கணவரின் அண்ணன் இரண்டு ஆட்களுடன் அங்கே போனார், நானும் போனேன். "சட்டம்னா சட்டம்தாம்மா. என் பொண்டாட்டி கட்டியிருந்தாலும் பிரிச்சிருப்பேன்" என்று சிரித்தார். தையல்கார அம்மா மெஷின்களைத் தாமே வெளியே இழுத்தார். "அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க அக்கா" என்றார், பிடித்தேன். ஆட்களிடம், "பிள்ளைங்க யூனிஃபார்ம்ப்பா, ஈரத்துல வெச்சுடாதீங்க" என்றார். அதன் பிறகு தகரத்தைப் பிரித்தார்கள்.

மறுநாள் மனம் உறுத்தியதால் பத்திரப் பதிவு அலுவலகத்தில் அவர் பத்திரத்தின் நகல் வாங்கிப் படித்தேன். பின்வரிசை மனைகளைப் பிற்பாடு வேறொருவர் விற்றிருக்கிறார். அந்தப் பத்திரத்தில் அப்படி ஒரு நிபந்தனையே இல்லை. தெரிந்த பிறகும் நான்கு நாள் தையல்கார அம்மா வீட்டு வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போனேன். வெளியூரிலிருந்து வந்த அவர் தம்பி பத்திரத்தைப் படித்த பிறகே இந்தப் புகார் வந்தது.

"அவங்களேதானே மெஷினை வெளிய வெச்சாங்க, அதை மட்டும் சொல்லிட்டு வாம்மா" என்று கணவரின் அண்ணன் இன்று என்னை ஸ்டேஷனுக்கு அனுப்பினார். அந்த அம்மா வெளியே வைத்தது என் பொய்யை நம்பித்தான்.

இதுவரை சொன்னது யாரும் சொல்லிக்கொடுக்காமல் நானே சொன்ன உண்மை. இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். சங்கம் எனக்கும் சேர்த்து வக்கீல் வைத்திருக்கிறது. அவர் எனக்காக வாதாட வேண்டாம். கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொள்வேன். இது என் கணவருக்குக்கூட இன்னும் தெரியாது.

(கையொப்பம்)