இரண்டில் சுலபமானது

உட்காரச் சொன்னதற்கு நன்றி. எனக்கு முதுகுவலி உண்டு. திரையைப் பார்த்தே வளைந்துபோன உடம்பு.

மருத்துவக் கருவிகள் செய்யும் கம்பெனியில் கையேடு எழுதும் பிரிவுக்கு நான் தலைவன். கையேடுகளை எக்ஸ்எம்எல்லில் எழுதுவோம். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இது தலைப்பு, இது எச்சரிக்கை என்று ஒவ்வொரு வரியின் நெற்றியிலும் ஓர் அடையாளம் ஒட்டுவது, அவ்வளவுதான். அதற்கு ஒரு எடிட்டர் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

கடைசியில் இரண்டு மிஞ்சின. முதலாவது வாசல் காவலாளி மாதிரி. அடையாளம் காட்டாத வரியை உள்ளே விடாது, சத்தம் போட்டு ஊரைக் கூட்டும். இரண்டாவது சாது. வெள்ளைத் தாளில் எழுதுவது போல எழுதலாம். இரண்டாவதையே வாங்கலாம் என்று மேலே சொல்லியும் விட்டேன்.

என் தங்கையின் கணவர் என் பிரிவில்தான் இருக்கிறார். வேலை வாங்கிக் கொடுத்ததே நான். ஒரு மதியம் தன் மேசைக்கு அழைத்தார்.

"மச்சான், இங்க பாருங்க. பழைய கையேட்டுல இருந்து ஒரு எச்சரிக்கைய எடுத்து இதுல ஒட்டுறேன். எங்க போச்சு?"

காணவில்லை. பழைய அடையாளம் புரியாவிட்டால் அந்த மென்பொருள் வரியையே விழுங்கிவிடுகிறது. ஏப்பம்கூட விடுவதில்லை.

"பார்த்து ஒட்டுனா சரியாப் போச்சு மாப்ளே" என்றேன். பிரிவே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

எதை வாங்குவது என்று முடிவு செய்யும் கூட்டத்திலும் அவர் அதையே சொன்னார். இயக்குநர் என் பக்கம் திரும்பி, "ரெண்டுல எதுங்க சுலபம்?" என்று கேட்டார். இரண்டாவது என்றேன். அது பொய் இல்லை.

பச்சிளங் குழந்தைகளுக்கு மருந்து ஏற்றும் பம்பின் கையேட்டைப் புதிய மென்பொருளுக்கு மாற்றியவர் மாப்பிள்ளைதான். முகம் வாடியிருந்தாலும் வேலையில் குறை வைக்கவில்லை. ஒவ்வொரு எச்சரிக்கையையும் பழையதோடு ஒப்பிட்டார். ஒன்று தப்பியது. எடை குறைந்த குழந்தைக்கு வேகத்தைக் கையால் குறைக்க வேண்டும், கருவி தானாகக் குறைக்காது என்ற வரி.

இறுதிச் சரிபார்ப்பு என்னுடையது. பார்த்தவுடனே தெரிந்தது. எழுந்து அவர் மேசை வரை போனேன். யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பற்றி இருக்காது. ஆனாலும் திரும்பி வந்துவிட்டேன். நானே அந்த வரியைத் தட்டிச் சேர்த்திருக்கலாம். ஆனால் எதற்காகத் திருத்தம் என்று காரணம் எழுத வேண்டும், மென்பொருள் விழுங்கிவிட்டது என்று. விரல் நகரவில்லை. என்னால் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள். ஒப்புதல் கொடுத்தேன்.

முதல் குழந்தை இறந்த செய்தி வந்தபோது, பலவீனமாகப் பிறந்த குழந்தை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு போன் போட்டால் போதும். எடுத்தேன், வைத்தேன். இரண்டாவது குழந்தைக்கும் எடுத்தேன். அதற்குப் பிறகு எடுக்கவில்லை. இன்னும் இரண்டு போன பிறகு நீங்கள் வந்தீர்கள். கோப்பைக் கடைசியாக மாற்றியவர் என்று மாப்பிள்ளையின் பெயர் இருந்தது. போலீஸ் ஜீப்பில் நீங்கள் ஏற்றும்போது அவர் என்னிடம்தான் கேட்டார்: "எல்லாத்தையும் பார்த்தேனே மச்சான். இத மட்டும் எப்படி விட்டேன்?"

தோளைத் தட்டிக் கொடுத்தேன்.

நேற்று தங்கை வந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். "அண்ணே, நீயும் பார்த்துட்டுத்தானே அனுப்பினே? உன் கண்ணுக்கும் தப்பிருச்சுன்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லேன். பாரம் கொஞ்சமாவது குறையும்" என்றாள்.

என் கண்ணுக்குத் தப்பவில்லை. அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. உங்களிடம் சொல்கிறேன். தெரிந்தே அனுப்பினேன், தெரிந்தே சும்மா இருந்தேன். மாப்பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

எழுதிக்கொண்டு வாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் சரியாக எழுத வேண்டும். குற்றம் என்னுடையது. மென்பொருளைத் தேர்ந்தெடுத்ததில் தவறில்லை.